சினமும் உறவும்: லாச்சப்பல் தமிழரின் நாற்பது ஆண்டுகள்

பாரிஸ் நகரின் வடபகுதியில், கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டித் தொடங்கி லா சப்பல் மெத்ரோ நிலையம் வரை செல்லும் சில தெருக்களைத் தமிழர்கள் லாச்சப்பல் என்று அழைக்கிறார்கள். ஃபோபூர் சான் தெனி, கை, பெர்தொனே, லூயி பிளாங் ஆகிய தெருக்களில் மளிகைக் கடைகள், நகைக் கடைகள், புடவைக் கடைகள், கொத்துரொட்டி போடும் உணவகங்கள் என வரிசையாகத் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. இலங்கைத் தமிழ் அகதிகளின் ஐரோப்பிய வாழ்வில் இந்தக் கடைத்தெருவுக்குத் தனி இடம் உண்டு. இரண்டு வகையான பொதுவாழ்வு இங்கே அக்கம்பக்கமாக வளர்ந்தது. ஒன்று, ஊரில் நடந்த அநீதி மூட்டிய கோபத்தின் அரசியல். மற்றொன்று, அயலாரோடு பழகி, அவர்கள் மொழியையும் தொழிலையும் கற்று, தன் பண்பாட்டையும் அவர்கள் முன் திறந்து வைக்கும் உறவு. இவ்விரண்டும் எதைச் சாதித்தன, எங்கே தடுமாறின என்பதை லாச்சப்பல் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு.

வந்த வழி

பிரான்ஸில் முதலில் குடியேறிய தமிழர்கள் இலங்கைத் தமிழர் அல்லர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி 1954இல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. 1962இல் சட்டபூர்வமான கைமாற்றம் முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்களில் பல பிரான்ஸுக்குப் பெயர்ந்தன. பிரெஞ்சு மொழியும் அரசுப் பணியும் அவர்களுக்குப் பழக்கமானவை. இலங்கைத் தமிழர் வந்த வழி வேறு. 1970களின் இறுதியில் லண்டனை நோக்கிப் புறப்பட்டு, பிரித்தானியாவின் கதவு இறுகியதால் பாரிஸில் தங்கிய இளைஞர்களே அவர்களில் முன்னோடிகள். 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர்கள் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்ட பிறகு அந்தச் சிற்றோடை பெருக்கெடுத்தது.

அகதி விண்ணப்பங்களை ஆராயும் பிரெஞ்சு அலுவலகமான ஒஃப்ப்ரா 1952இல் நிறுவப்பட்டது. லாச்சப்பல் பேச்சில் ‘ஒப்ரா’வும், குடியிருப்பு அட்டையைக் குறிக்கும் ‘கார்ட்’டும் தமிழ்ச் சொற்களாகவே ஆகிவிட்டன. வெளிநாட்டவர் அரசின் முன் அனுமதியின்றிச் சங்கம் அமைக்க 1981 அக்டோபரில் வந்த சட்டம் வழிவிட்டது. மறுமலர்ச்சி மன்றம் முதல் விளையாட்டுக் கழகம் வரை, கோயில் முதல் அரசியல் அமைப்பு வரை, அகதித் தமிழரின் அமைப்புகள் பல இந்த வாசல் வழியாகப் பிறந்தன. பிரெஞ்சு அரசு இன அடிப்படையில் மக்கள்தொகையைக் கணக்கெடுப்பதில்லை. ஆகவே பிரான்ஸில் எத்தனை தமிழர் வாழ்கிறார்கள் என்பதற்கு மதிப்பீடுகள் மட்டுமே உண்டு.

பெரும்பாலான தமிழர் வசிப்பது லாச்சப்பலில் அன்று. லா கூர்நெவ், பொபினி, லெ பூர்ஜே போன்ற புறநகர்களில் வீடு, லாச்சப்பலில் கடை. இரு பெரிய ரயில் நிலையங்கள் அருகில் இருந்ததும், 1980களில் அங்கே வாடகை மலிவாக இருந்ததும் இந்த இடம் கடைத்தெருவாகக் காரணமாயின. வாரம் முழுவதும் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் வாங்கவும் ஊர்ச் செய்தி கேட்கவும் இங்கே வந்தார்கள். அரசியலும் அவர்களைத் தேடி இங்கேயே வந்தது.

கோபத்தின் நியாயம்

அந்த அரசியலின் ஊற்று உண்மையான துயரம். எரிந்த வீட்டை, காணாமற்போன அண்ணனை, விசாரணையின்றி அடைக்கப்பட்ட நண்பனை விட்டுவந்தவர்கள் கோபப்படாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. கோபம் அவர்களைச் சோர்விலிருந்து எழுப்பியது. மொழி தெரியாத ஊரில் இரவு வேலை முடித்துத் திரும்பியவர்கள் துண்டறிக்கை அச்சிட்டார்கள், கூட்டம் கூட்டினார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள், ஊரில் குண்டுவீச்சில் சிதறிய குடும்பங்களுக்குப் பணம் அனுப்பினார்கள்.

ஆனால் கோபத்தை அமைப்பாக்கும்போது அதற்கு ஒரே குரல் தேவைப்படுகிறது. 1980களின் பிற்பகுதியிலிருந்து, இலங்கையில் தனித் தமிழ் ஈழம் கோரி ஆயுதமேந்திய விடுதலைப் புலிகளின் சார்பு அமைப்புகளே பிரான்ஸின் தமிழ்ப் பொதுவாழ்வில் மேலோங்கின. நிதி கொடுப்பது கடமையாகவும், கொடுக்க மறுப்பது சந்தேகத்துக்குரியதாகவும் ஆனது. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது. 2007 ஏப்ரலில் பாரிஸில் புலிகள் சார்பு தமிழ் ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். 2009 நவம்பரில் பாரிஸ் நீதிமன்றம் பயங்கரவாதத்துக்கு நிதி திரட்டிய வழக்கில் அவர்களில் பலருக்குத் தண்டனை விதித்து, அந்தக் குழுவையும் கலைத்தது.

உள்ளே திரும்பிய துப்பாக்கி

வெளியே போக வழியில்லாத கோபம் உள்ளே திரும்பும். 1994 மே 1 அன்று, போராட்டத்தின் ஆரம்பகால வரலாற்றை அறிந்தவரும் புலிகளை விமர்சித்தவருமான சபாரட்ணம் சபாலிங்கம் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். புகலிடத் தமிழ் எழுத்துலகம் புலிகளையே இதற்குப் பொறுப்பாகக் கருதியது. 1996 அக்டோபர் 26 அன்று புலிகளின் அனைத்துலக நிதிப் பொறுப்பாளர் நாதனும், ‘ஈழமுரசு’ இதழாசிரியர் கஜனும் லாச்சப்பல் பகுதியில் கொல்லப்பட்டார்கள். 2012 நவம்பர் 8 அன்று, புலிகள் சார்பு அமைப்பின் பிரான்ஸ் பொறுப்பாளராக இருந்த பரிதி பாரிஸ் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கொன்ற கைகள் வேறுவேறாக இருக்கலாம். விளைவு ஒன்றுதான்: பேச நினைத்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அகதியாக வந்த இடத்திலும் ஒரு கருத்துக்காக உயிர் போகும் என்ற அச்சம் சமூகத்தைத் தனக்குள்ளேயே பூட்டிக்கொள்ள வைத்தது. பூட்டிய வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அயலாருக்கு எப்படித் தெரியும்?

2009: கேட்காத குரல்

2009இன் முதல் ஐந்து மாதங்களில் இலங்கையின் வடக்கில், வன்னியில் சிக்கியிருந்த மக்கள் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. இறுதிக்கட்டப் போரில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் வல்லுநர் குழு 2011இல் எழுதியது. உறவினரின் தொலைபேசி அழைப்பு ஒவ்வொன்றாக நின்றுபோக, பாரிஸ் தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஊர்வலங்கள், உண்ணாவிரதங்கள், சாலை மறியல்கள் தொடர்ந்தன. பிப்ரவரி 12 அன்று லண்டனிலிருந்து சென்ற முருகதாசன் ஜெனீவாவில் ஐ.நா. அலுவலகத்தின் முன் தீக்குளித்து இறந்தார்.

ஏப்ரல் 20 அன்று இலங்கை ராணுவம் புதுமாத்தளன் பகுதியின் மண் அரணை உடைத்து முன்னேறியது. அதே நாளில் லாச்சப்பலில் போராட்டக்காரர்கள் சாலையை மறித்தார்கள். காவல்துறையோடு மோதல் மூண்டது, பேருந்துகள் மீது கற்கள் விழுந்தன, சுமார் 210 பேர் பிடிக்கப்பட்டார்கள். மறுநாள் பிரெஞ்சுச் செய்திகளில் உடைந்த கண்ணாடி முன்னே நின்றது. அதை உடைக்க வைத்த துயரம் பின்னே போய்விட்டது.

பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பெர்னார் குஷ்னெர், பிரித்தானிய அமைச்சர் டேவிட் மிலிபாண்டுடன் ஏப்ரல் 29 அன்று கொழும்பு சென்று போர்நிறுத்தம் கேட்டார். இலங்கை அரசு மறுத்தது. மே 27 அன்று ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29க்கு 12 என்ற வாக்குகளில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த 12 நாடுகளில் பிரான்ஸும் ஒன்று.

பாரிஸ் தெருவில் வேறு வழியைக் கைக்கொண்டிருந்தால், போர் முடிந்த முள்ளிவாய்க்காலின் பேரழிவைத் தடுத்திருக்கலாம் என்று சொல்ல இடமில்லை. அந்தப் பழியை அகதிகள் மேல் சுமத்துவது அநியாயம். ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கால் நூற்றாண்டாக இந்த நகரத்துக்குச் சமைத்துப் போட்ட மக்கள் தெருவில் அழுதபோது, நகரம் ஏன் அவர்களோடு வந்து நிற்கவில்லை? ஊர்வலத்தில் தமிழரைத் தவிர வேறு யாரும் பெரிதாக இல்லை. ஐரோப்பா தடை செய்த அமைப்பின் கொடி முன்னால் பறந்தது. முழக்கம் நியாயமானது, ஆனால் அதைக் கேட்டவர்களுக்கு முழங்கியவர்கள் யாரென்றே தெரிந்திருக்கவில்லை.

பத்து நிமிட நடையில் ஒரு தேவாலயம்

இதே நகரம் அகதிகளோடு வந்து நின்ற நாளும் உண்டு. லா சப்பல் மெத்ரோவிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் சான் பெர்னார் தேவாலயம் இருக்கிறது. 1996 ஜூன் 28 அன்று குடியிருப்பு அனுமதி இல்லாத ஏறத்தாழ 300 ஆப்பிரிக்கர்கள், பெரும்பாலும் மாலி, செனகல் நாட்டவர், குழந்தைகளோடு அங்கே புகுந்து தங்கினார்கள். அவர்களுக்கும் கோபம் இருந்தது. பத்துப் பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஆனால் அந்தக் கோபம் தனியாக நிற்கவில்லை. அதற்கு முன்பே நாடக இயக்குநர் அரியான் முனுஷ்கின் தம் அரங்க வளாகத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார். கல்வியாளர்கள், முன்னாள் தூதர்கள், நீதித்துறை சார்ந்தோர் அடங்கிய நடுவர் குழு அரசோடு பேசியது. உள்ளே இருந்தவர்களே தங்கள் வாயாலேயே பிரெஞ்சு மொழியில் செய்தியாளரிடம் பேசினார்கள்.

ஆகஸ்ட் 23 காலை காவல்துறை கோடரியால் கதவை உடைத்து உள்ளே நுழைந்தது. அந்தக் காட்சியைப் பிரான்ஸ் முழுவதும் பார்த்தது. அன்று மாலையே பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் வந்த சுற்றறிக்கையின்படி ஏறத்தாழ 80,000 பேருக்கு அனுமதி கிடைத்தது.

அந்த நடுவர் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ஸ்தெஃபான் எசெல். நாஜிகளின் புக்கன்வால்ட் முகாமில் அடைபட்டு உயிர் பிழைத்தவர்; 1948இல் பாரிஸில் மனித உரிமைப் பிரகடனம் உருவானபோது ஐ.நா.வில் பணியாற்றியவர். 2010இல், 93 வயதில், அநீதி கண்டு கொதித்தெழச் சொல்லி அவர் எழுதிய சிறு நூல் பல லட்சம் பிரதிகள் விற்றது. அதே நூலில் அவர் வன்முறையை மறுத்து, பண்பாடுகளுக்கிடையே இணக்கம் காண வேண்டும் என்றும் வலியுறுத்தினார். கொதிப்பும் இணக்கமும் அவருக்கு எதிரெதிரானவை அல்ல.

ஆய்வுகள் காட்டும் வழி

இப்படி அயலாரோடு உறவு எப்படி உருவாகிறது என்பதை ஆராய்பவர்களுக்கு, அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் முன்வைத்த கருத்து இன்றும் அடித்தளம். இரு குழுக்கள் அருகருகே வாழ்ந்தால் மட்டும் தப்பெண்ணம் குறையாது. சம அந்தஸ்து, பொதுவான நோக்கம், கூட்டு உழைப்பு, நிறுவனங்களின் ஆதரவு ஆகிய நான்கும் இருக்கும்போதே பழக்கம் உறவாக முதிர்கிறது என்றார் அவர். உளவியலாளர்கள் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பழக்கம் பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்று காட்டினார்கள்.

அரசியல் ஆய்வாளர்கள் எரிக்கா செனோவெத்தும் மரியா ஸ்டீஃபனும் 1900 முதல் 2006 வரை நடந்த பெரும் போராட்டங்களை ஒப்பிட்டார்கள். அறவழிப் போராட்டங்களில் ஏறத்தாழப் பாதி வென்றன. ஆயுதப் போராட்டங்களில் வென்றவை நான்கில் ஒரு பங்கு. முதியவரும் குழந்தையும் அயலாரும் அச்சமின்றிச் சேர முடிவதே அறவழியின் பலம் என்பது அவர்கள் முடிவு.

தேர் இழுக்கும் தெரு

லாச்சப்பலில் அயலார் அச்சமின்றிச் சேரும் இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1985இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் இன்று பஜோல் தெருவில் உள்ளது. ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வரும் அதன் தேர்த் திருவிழா 1990களிலிருந்து நடைபெறுகிறது. அன்று கடைகளின் முன் மஞ்சள் தெளித்த தேங்காய்கள் குவியலாகக் கிடக்கும். தேர் நெருங்கும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் சிதறும். தேங்காய்த் தண்ணீர் தெருவில் ஓடும். வேட்டி கட்டிய ஆண்களும் சேலை கட்டிய பெண்களும் வெறுங்காலோடு வடம் பிடிப்பார்கள். பெண்கள் கற்பூரச் சட்டியைத் தலையில் ஏந்தி வருவார்கள். காவடியின் மயிலிறகு பாரிஸ் வெயிலில் மின்னும். கடைக்காரர்கள் வருவோர் போவோருக்கெல்லாம் மோரும் சர்பத்தும் ஊற்றிக் கொடுப்பார்கள். கூட்டத்தில் பிரெஞ்சுக்காரர், அரபியர், ஆப்பிரிக்கர், மொரிஷியஸ்காரர் எல்லாரும் நிற்பார்கள். நகராட்சி போக்குவரத்தை ஒதுக்கித் தருகிறது. தேர் போன பிறகு துப்புரவுப் பணியாளர்கள் தேங்காய்ச் சிதறல்களை அள்ளுகிறார்கள். ஆல்போர்ட் சொன்ன நிறுவன ஆதரவு நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

ஆனால் மோர் குடித்துவிட்டுப் புகைப்படம் எடுத்துப் போவது மட்டும் உறவாகிவிடாது. தோசை தின்றவருக்கெல்லாம் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று தெரியாது. வேடிக்கை பார்ப்பவர் கேள்வி கேட்கத் தொடங்கும்போதும், கேட்கப்பட்டவர் பதில் சொல்லும் மொழியோடு நிற்கும்போதும்தான் உறவு பிறக்கிறது.

அந்த மொழியைச் சிலர் தொழிலிலும் கண்டடைந்தார்கள். பாரிஸ் சமையலறைகளில் பாத்திரம் கழுவத் தொடங்கி, பிரெஞ்சுச் சமையலின் நுணுக்கங்களைக் கற்று, தலைமைச் சமையற்காரர்களாக உயர்ந்த தமிழர்கள் பலர். 2023இல் பாரிஸின் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை வென்றவர் இலங்கையிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜா. 20ஆம் வட்டாரத்தில் வெதுப்பகம் நடத்துபவர். தோற்றம், வெந்த பதம், உள்ளீடு, மணம், சுவை ஆகியவற்றை நடுவர்கள் யார் சுட்டது என்று தெரியாமலே சோதிக்கிறார்கள். வென்றவர் ஓராண்டு குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்கு ரொட்டி வழங்குவது வழக்கம். பிரெஞ்சுக்காரர் தங்கள் அடையாளமாகக் கருதும் ஒன்றை அவர்களைவிட நேர்த்தியாகச் செய்து காட்டிய பிறகு, அவர் யார், ஏன் ஊரைவிட்டு வந்தார் என்று செய்தியாளர்களே தேடிவந்து கேட்டார்கள்.

எழுத்தின் வழி

கோபத்தை மறைக்காமல், அதைப் பிறர் உணரும்படி மாற்றிக் கொடுத்தது இலக்கியம். 1988இல் ஜெர்மனியில் தொடங்கி ஐரோப்பிய நகரங்களில் மாறிமாறி நடக்கும் இலக்கியச் சந்திப்பும், பாரிஸிலிருந்து வந்த ‘மௌனம்’, ‘எக்ஸில்’, ‘உயிர்நிழல்’ போன்ற சிற்றிதழ்களும் ஒற்றைக் குரலுக்கு வெளியே ஓர் அரங்கை உருவாக்கின. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டதும், தமிழருக்குள் சாதி செய்யும் கொடுமையும் அங்கே பேசப்பட்டன. 2007இல் பாரிஸில் இலங்கைத் தலித் மாநாடே நடந்தது. தன் காயத்தைச் சொல்லும் உரிமையோடு, தான் பிறருக்குச் செய்த காயத்தையும் ஒப்புக்கொள்ளும் கடமை வருகிறது. அந்த நேர்மை இல்லாத அரசியலை அயலார் நெடுநாள் நம்பமாட்டார்கள்.

இளம் வயதில் புலிகளில் இருந்து விலகி, 1993இல் பிரான்ஸ் வந்த எழுத்தாளர் ஷோபாசக்தி, ‘கொரில்லா’ நாவலில் போராளியின் கதையைப் புகழ்ச்சியும் வசையும் இன்றி எழுதினார். அவர் முதன்மை வேடத்தில் நடிக்க, ழாக் ஓடியார் இயக்கிய ‘தீபன்’ 2015 மே மாதம் கான் திரைவிழாவின் தங்கப் பனை விருதை வென்றது. பெரும்பகுதி தமிழில் பேசும் அந்தப் படம், பாரிஸ் புறநகரில் வாழும் ஓர் அகதியின் மனத்துக்குள் பிரெஞ்சுப் பார்வையாளரை அழைத்துச் சென்றது. படத்தின் முடிவையும் புறநகர்ச் சித்திரிப்பையும் விமர்சித்தவர்கள் உண்டு. அந்த விவாதமும் நல்லதே. 2024இல் வெனிஸ் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்ட ‘லிட்டில் ஜாஃப்னா’வை எடுத்த லாரன்ஸ் வாலன் பிரான்ஸில் பிறந்த தமிழர். நிதி திரட்டிய குழுக்களையும் அவற்றை ஒற்றறியும் பிரெஞ்சுக் காவல்துறையையும் ஒருசேரக் காட்டும் படம் அது.

இருபக்கமும் நடக்கவேண்டிய பாதை

உறவுக்கு மறுபக்கமும் உண்டு. பாரிஸின் கீழைத்தேய மொழிப் பள்ளியில் ஜூலியன் வின்சோன் 1879இலேயே தமிழ் கற்பித்தார். ஃபிரான்சுவா க்ரோ 1968இல் சங்க நூலான பரிபாடலைப் பிரெஞ்சில் வெளியிட்டார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் தமிழை ஆராய்கிறது. பிற்காலத்தில் ஓட் மரி போன்ற ஆய்வாளர்கள் லாச்சப்பலையே நூலாக எழுதினார்கள். இத்தனை அறிவும் பல்கலைக்கழகச் சுவர்களுக்குள் நின்றது. கடைத்தெருவில் காய்கறி வாங்கியவருக்கும் பரிபாடல் படித்த பேராசிரியருக்கும் இடையே பாலம் குறைவு. அந்தப் பாலத்தைக் கட்டும் பொறுப்பு தமிழருக்கு மட்டும் உரியதன்று.

இன்று பிரான்ஸில் பிறந்த தலைமுறை அதைக் கட்டத் தொடங்கியிருக்கிறது. அவர்கள் பள்ளியில் பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரைப் படித்தவர்கள். தமிழ்ச்சோலை எனப்படும் புறநகர்த் தமிழ்ப் பள்ளியில் திருக்குறளும் படித்தவர்கள். புறநகர் நகராட்சி மன்றங்களில் தமிழ் வம்சாவளியினர் உறுப்பினர்களாக அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மே 18 அன்றும் முள்ளிவாய்க்காலை நினைவுகூரும்போது பிரெஞ்சிலும் பேசுகிறார்கள். நீதி கேட்கும் அவர்கள் கோபம் தணியவில்லை, தணியவும் வேண்டியதில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்களுக்கு இன்றுவரை பதில் கிடைக்காதபோது கோபமே நேர்மை.

நாற்பது ஆண்டுகளின் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் தெரிவது இது. கோபம் ஒரு நாளில் ஆயிரம் பேரைத் தெருவுக்குக் கொண்டுவரும். உறவு அந்த ஆயிரம் பேரோடு அயலாரையும் சேர்த்து நிறுத்தும். முன்னதை ஒரு செய்தி மூட்டிவிடலாம். பின்னதற்கு ஆண்டுகள் வேண்டும். நெருக்கடி வந்த பிறகு அவசரமாக உருவாக்க முடியாது. சான் பெர்னாரில் கதவு உடைந்த மாலையில் பாரிஸ் எழுந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய மாதங்களிலேயே உள்ளே இருந்தவர்களை அது அறிந்திருந்ததுதான். 2009இல் லாச்சப்பலை அது அறிந்திருக்கவில்லை. அடுத்த முறை ஈழத்துக்காகவோ, சூடானுக்காகவோ, வேறெந்த மக்களுக்காகவோ லாச்சப்பல் குரல் கொடுக்கும்போது அது எடுபடுவதும் படாததும், அமைதியான இன்றைய நாட்களில் அங்குள்ளவர்கள் யாரோடு பழகுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அமையும்.